விருப்பம் அறிதலும் பசி தீர்த்தலும்: ஆற்றுப்படை விருந்தும் அமுதசுரபி உணவும்

முன்னுரை

விருந்தோம்பல் தமிழர்தம் தலையாய பண்பு என்பது மேடைகளிலும் பாடநூல்களிலும் பலகாலும் கேட்டுப் பழகிய கூற்றாகும். சங்க இலக்கியத்தில் விருந்து, திருக்குறளில் விருந்து, காப்பியங்களில் விருந்து எனத் தலைப்புகள் மாறினும் இத்தகைய கட்டுரைகளின் முடிவு மட்டும் மாறுவதில்லை. பழந்தமிழர் அனைவரையும் இன்முகத்துடன் வரவேற்று அறுசுவை உண்டி அளித்தனர் என்று கூறி அவை நிறைவு பெறுகின்றன. இக்கூற்று பொய்யன்று. ஆயின், ‘அனைவரையும்’ என்ற சொல் அதில் மிக எளிதாக இடம்பெற்றுவிடுகின்றது என்பதே நம் கருத்து.

நல்லுணவின் இன்பத்தைப் பாடுவதில் ஆற்றுப்படை நூல்களுக்கு நிகராகத் தமிழில் பிறிதொன்றைக் கூறுதல் அரிது. முன்பின் அறியாதோர்க்கும் விலங்குகளுக்கும் உணவளித்தலைக் காப்பியப் பொருளாகவே கொண்ட பெருமை மணிமேகலைக்கு உரியது. இவ்விரண்டையும் ஒரே பண்பின் தொடர்ச்சியாகக் காண்பது நம்மிடையே வழக்கமாக உள்ளது. அவை தொடர்ச்சி மட்டுமல்ல. ஒன்றையொன்று திருத்தவும் செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்கிறோம். ஆற்றுப்படை விருந்தில் உண்பவரின் விருப்பம் போற்றப்படுகின்றது; ஆனால் உண்பவர் யார் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. மணிமேகலையில் உண்பவர் யாவர்க்கும் கதவு திறக்கப்படுகின்றது. ஆனால் உணவின் சுவை பேசப்படுவதில்லை. இப்பேற்றையும் இழப்பையும் ஒருசேர வைத்துக் காண்பதே இங்கு நம் நோக்கம்.

ஆற்றுப்படையில் உணவின் இன்பம்

பத்துப்பாட்டுள் அமைந்த ஆற்றுப்படைகளில் உணவு வெறும் செய்தியாக வருவதில்லை. உடலால் உணரத்தக்க நுகர்வாகவே வருகின்றது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் கரிகாற்பெருவளத்தானின் விருந்தை விவரிக்கும் பகுதி இதற்குச் சிறந்த சான்றாகும். அருகம்புல்லைத் தின்று கொழுத்த ஆட்டின் தொடைக்கறி வேகவைத்துத் தரப்படுகின்றது. இரும்புக் கோலில் கோத்துச் சுட்ட கொழுத்த தசையும் வருகின்றது. அதன் சூடு பொறுக்கமாட்டாத பொருநன் அதனை வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றி உண்கின்றான். ஊன் உணவு தெவிட்டியபோது பல வடிவிலான இனிய பண்ணியங்கள் வருகின்றன. முல்லை அரும்பு போன்ற, முனை முறியாத அரிசிச் சோறும் பொரித்த கறியும் பின்னொரு நாளில் வருகின்றன. இரவு பகலாக ஊன் தின்றதனால் கொல்லை நிலத்தை உழுத கொழுவைப்போலத் தன் பற்கள் தேய்ந்தன என்று பொருநன் கூறுமிடத்தில், உண்ட களைப்பே நகைச்சுவையாக மாறுகின்றது. பசித்திருந்தவன் உண்டு சலிக்கும் நிலையை அடைந்ததே அவன் பெற்ற பரிசுகளுள் முதன்மையானது எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உணவு நிலத்திற்கு நிலம் மாறுகின்றது. எயினர் குடியில் ஈச்சங்கொட்டை போன்ற செந்நெற்சோறும் உடும்பின் வறுவலும் கிடைக்கின்றன. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் மனையில் வெண்சோறும் கோழிப் பொரியலும், அந்தணர் மனையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடுவும் கிடைக்கின்றன. வந்தவர்க்காக எக்குடியும் தன் உணவை மாற்றிக்கொள்வதில்லை. தான் உண்பதில் நல்லதை அது தருகின்றது. உணவின் வழியே ஒரு நாட்டின் நிலவியலை எழுதிய நூல் இது என்பது மிகையாகாது.

சிறுபாணாற்றுப்படையில் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். நல்லியக்கோடன் இளஞாயிற்றைப் பழிக்கும் ஒளியுடைய பொற்கலத்தில் உணவு படைக்கின்றான். பாணன் எவற்றை விரும்புகின்றான் என்று அறிந்து, தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். அரசன் நிற்க, பாணன் அமர்ந்து உண்ணும் காட்சி இது. இங்கே நாம் கருதத்தக்கது பொற்கலமன்று. உண்பவனின் விருப்பத்தை அறிய வேண்டும் என்ற அக்கறையே இவ்விருந்தின் உயிர். வயிற்றை நிரப்புதல் வேறு. நாவிற்கு இனியது எது என்று கேட்டறிதல் வேறு. முன்னது இரக்கம், பின்னது மதிப்பு. இரப்பவன் ஒருவனுக்கும் சுவையறியும் நா உண்டு என்று ஏற்றுக்கொள்ளுதல் எளிய செயலன்று.

அட்டிலில் குரைத்த நாய்

இதே சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறுவதற்கு முன் அப்பாணன் வாழ்ந்த நிலை சில அடிகளில் காட்டப்படுகின்றது. அவ்வடிகளைச் சங்க இலக்கியத்தின் மிக நுண்ணிய பகுதிகளுள் ஒன்றாக நாம் கருதுகிறோம். பொலிவிழந்த சமையலறையில் அண்மையில் குட்டி ஈன்ற நாய் ஒன்று கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் அதன் மடியை இழுக்கின்றன. மடியில் பால் இல்லை. வலி பொறுக்கமாட்டாமல் தாய்நாய் குரைக்கின்றது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். அதனைப் பிறர் காணலாகாது என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள்.

வறுமையைக் கூறவந்த புலவர், மனிதரின் வயிற்றை முதலில் காட்டவில்லை. நாயின் மடியையே முதலில் காட்டினார். அடுப்பில் உலை ஏறாத வீட்டில் எச்சில் சோறும் இராது. எச்சில் இல்லையேல் நாய்க்கு உணவில்லை. நாய்க்கு உணவில்லையேல் குட்டிகளுக்குப் பாலில்லை. பசி ஒரு வீட்டுக்குள் எவ்வாறு படிப்படியாக இறங்குகின்றது என்பதை இத்தொடர் காட்டிவிடுகின்றது. மனிதரும் விலங்கும் ஒரே அடுப்பை நம்பி வாழும் உறவினர் என்ற உண்மை எந்த அறவுரையும் இன்றி இங்கே வெளிப்படுகின்றது.

ஆயினும் நம்மை உறுத்தும் வினா ஒன்று எஞ்சுகின்றது. நல்லியக்கோடனின் பொற்கலம் வந்தபின் அந்த நாய் எங்கே போயிற்று? பாணனுக்கு உணவும் உடையும் தேரும் கிடைக்கின்றன. நாயைப் பற்றிய பேச்சு மீண்டும் வருவதில்லை. வறுமையில் உடனிருந்த உயிர் வளமையில் உடனில்லை. பெரும்பாணாற்றுப்படையின் உடும்பு வறுவலும் இத்தகையதே. அவ்வுடும்பு நாய் பிடித்துக்கொண்டு வந்தது. அதன் வயிற்றில் மணிகள் போன்ற முட்டைகள் இருந்தன என்று புலவர் நுணுகிக் காண்கின்றார். அக்கூர்ந்த பார்வை இரக்கத்தை நோக்கிச் செல்லவில்லை. உணவின் சிறப்பை நோக்கியே செல்கின்றது. ஊனுணவைப் பழிப்பது நம் நோக்கமன்று. அக்கால வாழ்வுமுறையை இக்கால அளவுகோலால் அளப்பதும் முறையன்று. விலங்கை இவ்வளவு அணுக்கமாகக் கண்ட கவிதை, அதனை விருந்தின் வட்டத்திற்குள் அழைக்கவில்லை என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டுகிறோம்.

சிறுபாணாற்றுப்படை போற்றும் வள்ளல் எழுவருள் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் முல்லைக்குத் தேர் அளித்த பாரியும் உள்ளனர். இவை அஃறிணை உயிர்கள்மீது கொண்ட அருளுக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன. மயிலின் குளிருக்கு இரங்கிய அப்பேகனிடம், அவனால் துறக்கப்பட்ட மனைவி கண்ணகிக்கு இரங்குமாறு கபிலர், பரணர் முதலான புலவர்கள் வேண்டிய பாடல்கள் புறநானூற்றில் (143-147) உள்ளன. அருள் என்பது ஒருநாள் பொங்கும் உணர்ச்சியாயின், அது யாரைச் சேரும், யாரை விடும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை அப்புலவர்களே உணர்ந்திருந்தனர் போலும்.

ஈடு செய்ய வல்லவரும் வல்லாரும்

ஆற்றுப்படை விருந்தினர் அனைவரும் கலைஞர்கள். பொருநரும் பாணரும் கூத்தரும் பாடலாலும் ஆடலாலும் புரவலனின் புகழை வளர்க்க வல்லவர்கள். அவர்களுக்கு அளித்த உணவு புகழாகத் திரும்பி வந்துவிடும். கரிகாலன் தன் விருந்தினரின் பின்னே ஏழடி நடந்து சென்று வழியனுப்பியமை உயர்ந்த பண்பே. ஆயின், அவ்வேழடியும் பாடலுள் பதிவாகும் என்பதை அவையும் அறியும், அரசனும் அறிவான்.

மணிமேகலையின் 11ஆம் காதையாகிய பாத்திரம் பெற்ற காதையில் தீவதிலகை இந்த இடத்தைத்தான் தொடுகின்றாள். கைம்மாறு செய்ய வல்லவர்க்குக் கொடுப்போர் அறத்தை விலை கூறுவோரே. அற்றவரின் அரும்பசியைக் களைவோரிடமே மெய்யான வாழ்வு உள்ளது என்பது அவள் கூற்றின் சாரம். இதை ஆற்றுப்படை மரபின்மீது சாத்தனார் வைத்த திறனாய்வாகவும் நாம் படிக்கலாம். மதுரைக் கூலவாணிகன் என்று அறியப்பட்ட புலவர் ‘விலை’ என்னும் சொல்லை அறத்தோடு சேர்த்து எண்ணியமை பொருத்தமாகவே உள்ளது. எது வாணிகம், எது கொடை என்பது தானிய வணிகர் ஒருவருக்கு நன்கு தெரிந்திருக்கும்.

அதே காதையில் மணிமேகலை கூறும் மறுமொழியும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பெற்ற குழந்தையின் முகத்தைக் கண்டு இரங்கிப் பால் சுரக்கும் தாயின் மார்பு போல, பசித்தோர் முகம் கண்டு இப்பாத்திரம் சுரத்தலைக் காண விரும்புகிறேன் என்கின்றாள் அவள். சிறுபாணாற்றுப்படையின் அட்டிலில் நாம் கண்ட நாயை இங்கே நினைவுகூர வேண்டும். அங்கே குட்டிகள் இழுத்தும் பால் சுரக்காத மடி. இங்கே முகம் கண்ட அளவில் சுரக்கும் மார்பு. முன்னதை மனத்தில் கொண்டே சாத்தனார் பின்னதை எழுதினார் என்று நிறுவ நம்மிடம் சான்றில்லை; அவ்வாறு நிறுவவும் வேண்டியதில்லை. தமிழ்க்கவிதை ஒரு காலத்தில் கண்ட வறட்சிக்கு மற்றொரு காலத்தில் அளித்த மறுமொழியாக இவ்விரு படிமங்களும் எதிரெதிர் நிற்கின்றன என்பதே போதும்.

முதலில் ஊட்டியது பசு

விலங்குகள்பால் கொள்ளும் அருளைப் பேசும்போது மனிதனைக் கொடுப்பவனாகவும் விலங்கைப் பெறுவதாகவும் வைத்துப் பேசுவதே இயல்பு. ஆபுத்திரன் வரலாறு இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றது. 13ஆம் காதையின்படி, சாலி என்பவள் பெற்றுக் கைவிட்டுச் சென்ற குழந்தையைக் கண்ட பசு ஒன்று நாவால் நக்கிப் பாலூட்டி ஏழு நாள் அகலாமல் காத்தது. முன்பின் அறியாத ஓருயிர்க்கு உணவளித்தல் என்னும் அறத்தை இவ்வரலாற்றில் முதன்முதலாகச் செய்தது ஒரு விலங்கே.

இளம்பூதி என்னும் அந்தணனால் வளர்க்கப்பட்ட ஆபுத்திரன் வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் மீட்டுச் செல்கின்றான். பிடிபட்டபோது அவன் முன்வைக்கும் வாதம் மிக எளியது. யாருக்கும் உரிமையற்ற நிலத்துப் புல்லைத் தின்று, பிறந்த நாள்முதல் உலகத்தார்க்கு இரக்கத்தோடு பால் தருகின்ற இதனிடம் உங்களுக்கு என்ன பகை என்று கேட்கின்றான். பசுவின் புனிதம் பற்றி அவன் பேசவில்லை. அது ஊட்டுகின்றது என்பதையே பேசுகின்றான். இதனால் அவன் ஊரால் விலக்கப்படுகின்றான். பிச்சைக்குச் சென்றால் ஓட்டில் கல் விழுகின்றது. ஊட்டிய உயிரைக் காத்தவனுக்கு ஊரில் உணவில்லை. மதுரைக்குச் சென்று, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து வந்த உணவைக் கண் காணாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், காப்பார் இல்லாதவர், பிணியுற்றவர் அனைவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலையணையாக்கி உறங்குகின்றான்.

14ஆம் காதையில், மழைபெய்யும் நள்ளிரவில் பசித்து வந்தோர்க்கு அளிக்க ஏதுமின்றி அவன் வருந்தியபோது தேவி அமுதசுரபியை அளிக்கின்றாள். அப்பாத்திரத்தின் பெயரிலேயே ‘சுரபி’ என்னும் தெய்வப் பசு உள்ளது. பின்னாளில் அவன் அதனைக் கோமுகிப் பொய்கையில் விடுகின்றான். அதன் பெயரிலும் பசுவின் முகம் உள்ளது. அவன் மறுபிறப்பும் பசுவின் வயிற்றிலேயே நிகழ்கின்றது. அப்பசு கன்று ஈனும் முன்னரே சூழவுள்ள உயிர்கட்கெல்லாம் பால் சுரந்து ஊட்டியது என்று 15ஆம் காதை கூறுகின்றது. ஆகவே அமுதசுரபி என்பது வானிலிருந்து வந்த வியப்புப் பொருள் மட்டுமன்று. ஏழு நாள் ஒரு குழந்தையைக் காத்த பசுவின் மடி பாத்திரமாக வடிவம் மாறியதே அது எனக் கொள்ள இடமுண்டு. விலங்குகட்கு நாம் காட்டும் அருள் கொடையன்று. பட்ட கடனைத் திருப்பித் தருதலே என்பது இதன் உட்பொருள்.

சுவை எங்கே சென்றது?

இத்துணை உணவு வழங்கப்படும் காப்பியத்தில் உணவின் சுவை பற்றிய விரிவான வருணனை அமுதசுரபியைச் சார்ந்து யாண்டும் இல்லை. அச்சோறு எந்நெல்லின் சோறு, அதனுடன் எக்கறி வந்தது, அதன் மணம் யாது என்று சாத்தனார் கூறுவதில்லை. அவருக்கு உணவு தெரியாது என்று கூறவியலாது. 28ஆம் காதையில் வஞ்சி நகரத் தெருக்களை வருணிக்கும்போது மீன் விற்போர், உப்பு விற்போர், பிட்டு விற்போர், அப்பம் விற்போர் என்று அவர் வரிசைப்படுத்துகின்றார். அங்காடியில் உள்ள சுவை அறச்சாலையில் இல்லை. அமுதசுரபியின் உணவு உயிர்காக்கும் மருந்து, பசி பிணி. பிணிக்கு மருந்து தருபவர் அதன் சுவையை விளக்குவதில்லை.

இதனை இழப்பு என்று ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. பொருநன் வாயில் புரட்டிப் புரட்டித் தின்ற சுட்ட இறைச்சியின் இன்பம் இங்கே இல்லை. பாணனுக்கு எது பிடிக்கும் என்று நின்று கேட்ட நல்லியக்கோடனின் நுண்ணுணர்வும் இங்கே இல்லை. வரிசையில் நிற்பவர் ‘யாவரும்’ என்று ஆகும்போது ஒவ்வொருவரின் விருப்பமும் மறைந்துவிடுகின்றது. இன்றைய அன்னதானப் பந்திகளில் பரிமாறுவோரும் இச்சிக்கலை அறிவர்.

ஆயின், இன்பம் முற்றிலும் மறைந்துவிட்டது என்பதும் சரியன்று. அது இடம் பெயர்ந்துள்ளது. விண்ணுலகத்து வாழ்வைத் தர முன்வந்த இந்திரனிடம் ஆபுத்திரன் கூறும் மறுமொழி இதனை விளக்கும். வருந்தி வந்தோரின் பசி நீங்கியபின் அவர்தம் மலர்ந்த முகத்தைக் காட்டுவது தன் பாத்திரம். அதனினும் மேலான எதனை நீ தரவியலும் என்பது அவன் கேள்வி. உண்பவரின் நாவில் இருந்த இன்பம் ஊட்டுபவரின் கண்ணுக்கு மாறிவிட்டது. திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்ச மலரை முன்னிறுத்தி, விருந்தளிப்பவரின் முகம் மாறினால் விருந்தினர் வாடுவர் என்றார். சாத்தனார் அதே முகத்தை மறுபக்கத்திலிருந்து காண்கின்றார். விருந்தினரின் முகம் மலர்வதே அளிப்பவரின் உணவு.

இவ்வின்பத்தின் நொய்ம்மையையும் அவர் மறைக்கவில்லை. இந்திரன் மழை பெய்வித்துப் பாண்டிநாட்டை வளமாக்கியபின், ஆபுத்திரனிடம் உண்ண வருவார் எவருமில்லை. பசித்தோரைத் தேடிச் சாவகம் செல்லக் கப்பலேறிய அவன், மணிபல்லவத்தில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுச் சென்றுவிடுகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத உணவு கையில் இருந்தும் உண்பாரற்ற தீவில் அவன் உண்ணாதிருந்து உயிர்விடுகின்றான். தனித்து உண்ணுதல் உணவாகாது என்பதை இதனினும் அழுத்தமாகக் கூறிய பகுதி தமிழில் அரிது.

இதற்கு நேர்மாறான நிலையில் நிற்பவள் 17ஆம் காதையில் வரும் காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முனிவர் ஒருவர் உண்ணவிருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால் அவள் யானைத்தீ என்னும் அடங்காப் பசிக்கு ஆளாகின்றாள். எவ்வளவு உண்டும் நிறைவு இல்லை. பிறர் உணவின் அருமையை உணராமல் மிதித்தவளுக்கு உணவின் நிறைவே மறுக்கப்பட்டது. மணிமேகலை இட்ட உணவினால் அப்பசி தீர்கின்றது. மிகுதியாக உண்ணுதலன்று, நிறைவோடு உண்ணுதலே இன்பம் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

நாகர் தலைவனின் வினா

விருப்பமும் அறமும் நேருக்குநேர் சந்திக்கும் காட்சி 16ஆம் காதையாகிய ஆதிரை பிச்சையிட்ட காதையில் உள்ளது. கப்பல் உடைந்து, நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரையேறி, மரத்தடியில் உறங்கும் சாதுவனை நாகர்கள் நல்ல உணவாகக் காண்கின்றனர். அவன் அவர்கள் மொழியிலேயே பேசுகின்றான்; அதனால் உயிர் தப்புகின்றான். உணவாகவிருந்தவன் மொழி அறிந்தவன் என்றதும் விருந்தினனாகிவிடுகின்றான். நாகர் தலைவன், நெடுநாள் பசித்தவன் இவன் என்று இரங்கி, கள்ளும் ஊனும் பெண்ணும் தருமாறு பணிக்கின்றான். தான் நல்லதென்று கருதுவதை வந்தவர்க்குத் தரும் இச்செயல், பெரும்பாணாற்றுப்படையின் குடிகள் செய்ததற்கு வேறானதன்று.

சாதுவன் மறுத்து அறம் உரைக்கின்றான். அதனை ஏற்ற தலைவன் ஒரு நேர்மையான வினாவை எழுப்புகின்றான். கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் உயிர் வாழ இயலாது. எங்களுக்கு இயலும் அறம் எதுவோ அதனைக் கூறுக என்கின்றான். சாதுவன் அவ்வினாவை இகழவில்லை. உடைந்த கப்பலிலிருந்து உயிர் தப்பி வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும். மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளைத் தவிர வேறு எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யலாகாது என்ற இரண்டை மட்டும் கூறுகின்றான். முன்பின் அறியாத மனிதரும் விலங்கும் இங்கே ஒரே உறுதிமொழியில் இணைக்கப்படுகின்றனர். ஊன் உண்ணும் சுவை பிடுங்கப்படவில்லை. கொலை மட்டுமே விலக்கப்படுகின்றது.

இக்காட்சியை நாம் மணிமேகலையின் நடுநாயகமாகக் கருதுகிறோம். நாகரைச் சாத்தனார் வருணிக்கும் முறையில் இகழ்ச்சி கலந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. கரடிக்கு ஒப்பிட்டே தலைவனை அறிமுகப்படுத்துகின்றார். ஆயினும் அவன் வாயில் வைத்த வினா அவ்விகழ்ச்சியைக் கடந்து நிற்கின்றது. நல்லியக்கோடன் பாணனின் விருப்பத்தை உணவில் அறிந்தான். சாதுவன் நாகரின் இயல்பை அறத்தில் அறிந்தான். மற்றவரால் எது இயலும், எது இயலாது என்று கேட்டபின் பேசும் அறமே நிலைக்கும்.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டுக் குளிர்நாடு ஒன்றில் நாம் தங்கியிருந்த காலத்தில், வீட்டு உரிமையாளராகிய மூதாட்டி முதல்நாள் மாலையில் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் உள்ளது. ‘எதை விரும்புகிறீர்கள்’ என்பதற்கு முன் ‘எதை உண்ணமாட்டீர்கள்’ என்று அவர் கேட்டார். அன்று அவர் தந்தது வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் மட்டுமே. நம் நாவிற்கு அது பழக்கமில்லாத உணவு. எனினும் அந்தக் கேள்வியின் சுவை அவ்வுணவில் இருந்தது. அதன்பின் சாதுவன் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் அம்மூதாட்டியின் சமையலறையும் உடன் தோன்றுகின்றது.

காஞ்சியில் கூடிய உயிர்கள்

28ஆம் காதையில், பஞ்சத்தால் வாடிய காஞ்சி நகரில் மணிமேகலை அமுதசுரபியை வைத்து அனைவரையும் அழைக்கின்றாள். மதுரையில் ஆபுத்திரன் அழைத்த அதே மக்கள் இங்கும் வருகின்றனர்: காணாதவர், கேளாதவர், முடமானவர், பேசவியலாதவர், நோயுற்றவர், நோன்பிருப்போர், வறியோர். ஆனால் இப்பட்டியல் மனிதரோடு முடியவில்லை. பல நூறாயிரம் விலங்குகளின் கூட்டமும் பிற உயிர்களும் ஒருங்கே வந்து கூடின என்று சாத்தனார் தொடர்கின்றார். சிறுபாணாற்றுப்படையின் அட்டிலில் குரைத்த நாய் கடைசியாக உணவுண்ண வந்து சேர்ந்த இடம் இதுவே என்று கூறத் தோன்றுகின்றது. பகுத்துண்டு பல்லுயிரும் காத்தலை அறங்களுள் தலையாயதாக வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் வைத்ததன் காப்பிய வடிவம் இக்காட்சி எனலாம். உணவைப் பகிர்தலும் உயிரைக் கொல்லாமையும் இரு வேறு அறங்களல்ல என்பதை அவ்வதிகார வைப்புமுறையே உணர்த்துகின்றது.

முடிவுரை

பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும் மணிமேகலையை 1898ஆம் ஆண்டிலும் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டார். பத்தாண்டுக்குள் நம் கைக்குக் கிடைத்த இவ்விரு நூல்களையும் நாம் வகுப்பறையில் தனித்தனியே பயிற்றுவித்து வருகிறோம். ஒன்று வீரயுக வள்ளன்மைக்கும் மற்றொன்று பௌத்த சமயக் கருத்திற்கும் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிட்டன. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பயிற்றுவித்தால் மாணவர்க்கு மேலும் பயன்தரும் வினாக்கள் பிறக்கும். யாருடைய விருப்பம் கேட்கப்படுகின்றது? யார் கேட்கப்படாமலே ஊட்டப்படுகின்றார்? யார் அழைக்கப்படவே இல்லை? ‘தமிழர் விருந்தோம்பல்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், இவ்வினாக்களுள் ஒன்றையேனும் அத்துடன் சேர்த்தல் நன்று.

ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்த சாவகம் இன்றைய சாவா, சுமத்திரா முதலிய தீவுகளைக் குறிக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. பசித்தோரைத் தேடி அவன் புறப்பட்ட திசை நாம் வாழும் திசையே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் இம்மண்ணில் கையில் ஏதுமற்ற அயலாராகவே கால்வைத்தனர். அவர்களுக்கு முதல்வேளைச் சோறிட்டவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அப்பெயர் எந்தப் பாடலிலும் இல்லை. இன்று நம் உணவகங்களில் வாழையிலையில் நமக்குப் பரிமாறும் இளைஞர் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் உடனே அவர்களிடம் கூறுகிறோம். அவர்கள் உண்டார்களா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லுணவின் சுவையை அறிந்த நா அக்கேள்வியையும் கேட்கப் பழகுமாயின், ஆற்றுப்படையையும் மணிமேகலையையும் நாம் பயின்றதற்குப் பொருள் உண்டு.